குரங்கு எடுக்காத கண்ணாடி

— மூடாதீங்க ஐயா.

— மூடலையே.

— மூடித்தான் இருக்கு. என் விரல் இன்னும் உங்க மூக்குக்கிட்டகூட வரல. அதுக்குள்ள கலவரத்துக்குக் கடையைச் சாத்துற மாதிரி ரெண்டு கண்ணையும் இழுத்துச் சாத்திட்டீங்க.

— நான் சாத்தல டாக்டரம்மா. அது தானா சாத்திக்குது. கண்ணுக்கும் உயிர்மேல ஆசை இருக்காதா?

— நான் டாக்டர் இல்லைங்க, லென்ஸ் பொருத்துறவ. பரவாயில்ல, மேல பாருங்க. ஃபேனைப் பாத்துக்கிட்டே இருங்க.

— மேல ஃபேனா இருக்கு? காத்து வந்துது, ஜன்னல்னு நெனச்சேன்.

— நல்லாப் பாத்துக்க அம்மாடி இந்த மனுஷன் வீரத்தை. கல்யாணம் ஆன நாள்லேந்து என்னைப் பலகையில சாச்சு நிக்க வெச்சுக் கத்தி வீசுறாரு. தினம் ரெண்டு காட்சி. நான் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினதில்ல. இவருக்கு ஒரு பொண்ணோட விரல் வந்தா உயிர் போகுது.

— பழகிடும்மா, எல்லாரும் முதல்ல இப்படித்தான்... ஒரு நிமிஷம். என்ன வீசுறாரு?

— கத்தி.

— உங்க மேலயா?

— மேல இல்ல டாக்டரம்மா, சுத்தி. மேல படுற மாதிரி வீச வித்தை எதுக்கு, கோவம் இருந்தாப் போதும். தலையைச் சுத்தி, தோளைச் சுத்தி, இடுப்பைச் சுத்தி, கோலிக்குண்டு போற இடம் விட்டுப் போகும் கத்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மைதானத்துல சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கே, பாக்கலையா? சத்தியமா சொல்றேன், போன சனிக்கிழமை என் வீச்சைப் பாத்து முன்வரிசையில ஒரு அம்மாவுக்குப் பல் செட்டே கழண்டு விழுந்துடுச்சு. பயத்துல.

— பல் செட்டா?

— மேல் வரிசை. விழுந்த சத்தத்துல சொல்றேன்.

— இவரு சத்தியம்னு ஆரம்பிச்சா நம்பாதே அம்மாடி. சத்தியம் பண்ணாம எதாச்சும் சொன்னா அது மட்டும் உண்மை. அப்படி ஒண்ணு சொல்லி வருஷக்கணக்கு ஆவுது.

— சனிக்கிழமை எத்தனாவது காட்சிங்க?

— ரெண்டாவது. ஏன் டாக்டரம்மா, விரல் அப்படியே நின்னுடுச்சு?

— ஒண்ணுமில்ல, லென்ஸ் காயுது, ரெண்டு சொட்டு விட்டுக்கறேன். ஐயா, உங்க பவர் என்னன்னு தெரியுமா? மைனஸ் ஒன்பது. ஒரு சாணுக்கு அப்பால உங்களுக்கு உலகமே பஞ்சு மூட்டை. இந்தக் கண்ணோடயா ஒரு மனுஷியை நிக்க வெச்சுக் கத்தி வீசுறீங்க? அதைவிட, முதல்ல எழுத்துப் பலகையைக் காட்டினப்ப கடகடன்னு கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களே, நீங்க சொன்ன எழுத்துல ஒண்ணுகூட அதுல கிடையாது.

— அப்படியா? எனக்கு முன்னாடி உள்ள ஒருத்தர் இருந்தாரே, தொண்டையில கரகரப்பு உள்ளவரு, அவரு படிச்சதைத்தான் வெளிய பெஞ்சுல உக்காந்து மனப்பாடம் பண்ணினேன்.

— கதவு சாத்தியிருந்துதே.

— காது சாத்தலையே.

— அவருக்கு நான் காட்டினது வேற பலகை. அதையும் அவரு பாதி தப்பாத்தான் படிச்சாரு.

— அப்ப தப்பு அவரோடது. என் கணக்குல ஏத்தாதீங்க.

— சரி, அந்தக் காதை வெச்சுக்கிட்டுத்தான் வீசுறீங்களா?

— பின்ன? இவ பலகையில நின்னாலும் வாய் நிக்காது. விளக்கை அணைச்சீங்களா, கதவைப் பூட்டினீங்களா, அந்தச் சட்டையை ஏன் போட்டீங்க, கை மடிப்புல கறை இருக்கு, கூட்டம் பாக்குதுன்னு பேசிக்கிட்டே இருப்பா. அந்தச் சத்தம்தான் எனக்கு வெளிச்சம். வாய் இங்க இருந்தா காது இங்க, தோள் இங்க. மனசுக்குள்ள ஒரு கோடு இழுத்துக்குவேன். அந்தக் கோட்டுக்கு வெளிய வீசுவேன். ஒரு தடவை கரண்ட் போயிடுச்சு. காட்சியை நிறுத்தக் கூடாதுன்னு அந்த இருட்டுலயே எல்லாக் கத்தியையும் வீசி முடிச்சேன். சத்தியமா சொல்றேன், விளக்கு வந்தப்ப பாத்தா, பலகையில இவ உருவம் அச்சு அசலாக் கத்தியில நிக்குது. மூக்கு வளைவுகூட இருக்கு. இவ மட்டும் இல்ல. கரண்ட் போனதும் டீ குடிக்கப் போயிட்டா.

— கை தட்டினாங்களா?

— யாருக்குத் தட்டுறதுன்னு தெரியாம எழுந்து நின்னாங்க.

— பேசிக்கிட்டே கண்ணை அகலத் தொறந்துட்டீங்க ஐயா, அப்படியே இருங்க, அப்படியே, ஃபேனைப் பாருங்க...

— ஹச்.

— ஐயோ.

— மன்னிக்கணும் டாக்டரம்மா. எங்க போச்சு அது?

— யாரும் நகராதீங்க. மிதிச்சா போச்சு. தண்ணித் துளி மாதிரி இருக்கும், லேசுல கண்ணுக்குத் தெரியாது. அம்மா, கொஞ்சம் காலைத் தூக்கிக்கங்க.

— தேடாதே அம்மாடி. இதோ, என் தோள்ல ஒட்டிக்கிட்டிருக்கு.

— பாத்தீங்களா? எதை யாரு வீசினாலும் இவ மேலதான் வந்து சேரும். அவ்வளவு பழக்கம்.

— குடுங்கம்மா, கழுவிட்டுப் போடறேன். விரல் நுனியில கிண்ணம் மாதிரி நிக்கணும், தட்டு மாதிரி வாய் விரிஞ்சா உள்பக்கம் வெளிய திரும்பியிருக்குன்னு அர்த்தம். ம், சரியா நிக்குது. இந்தத் தடவை நானே இமையைப் புடிச்சுக்கறேன்.

— அம்மாடி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இந்த வயசுல இவருக்கு இது வேணுமா? கண்ணுக்குள்ள ஒரு பொருளைப் போட்டு, தூங்குறப்ப அது உருண்டு மூளைக்குள்ள போயிட்டா?

— போகாதும்மா. பின்னாடி வழியே கிடையாது. அப்படியே வழி தவறினாலும் இமைக்கு அடியிலதான் சுத்தும்.

— அங்க போனாலும் மூளைன்னு ஒண்ணு இருக்காதுன்னு இவளுக்கு நெனப்பு.

— கூடாரத்துல மண்ணு, தூசி, வைக்கோல். கண்ணு பழுத்துப் போகும். ராத்திரி கழட்ட மறந்துடுவாரு. செருப்பைக் கழட்டவே நான் ஞாபகப்படுத்தணும்.

— எனக்குப் புரியலம்மா. கத்தி வர்ற பக்கம் நிக்கிறது நீங்க. இவருக்குக் கண்ணு தெரியணும்னு கும்பிட்டுக் கேட்டுக்க வேண்டிய ஆளு நீங்க. வந்ததுலேந்து வேணாம் வேணாம்னு நீங்கதான் முட்டுக்கட்டை போடறீங்க. சாதாக் கண்ணாடியாவது போட்டிருக்கலாம்ல?

— அதுக்கு எனக்கு ராசியில்ல டாக்டரம்மா. மேடையில கண்ணாடி போட முடியாது. கருப்பு உடுப்பு, மீசை, கையில கத்தி, மூக்குமேல சோடாபுட்டின்னா பாக்குறவன் எழுந்து ஓடிடுவான். ஆனா ஜாகையில போட்டுக்க ஒண்ணு வெச்சிருந்தேன். ஒரு நாள் யானை மிதிச்சுடுச்சு. அடுத்தது வாங்கினேன், ஆத்துல விழுந்துடுச்சு. மூணாவதைக் குரங்கு எடுத்துட்டுப் போயிடுச்சு. அதோட விட்டுட்டேன். இப்பத்தான் ஒருத்தன் சொன்னான், கண்ணுக்குள்ளயே போட்டுக்குற கண்ணாடி இருக்குன்னு. சரி, இதை எந்தக் குரங்கும் எடுக்காதுன்னு வந்தேன். ஆங்... எதோ குளிர்ச்சியா...

— போட்டாச்சு. சிமிட்டுங்க. தேய்க்காதீங்க, சும்மா சிமிட்டுங்க. இதோ அடுத்த கண்ணு. இதுக்குக் கதை எதுவும் சொல்லாம இருங்க, தும்மல் வருது. அவ்வளவுதான். முடிஞ்சுது. தண்ணி வந்தா வரட்டும். எப்படி இருக்கு?

— டாக்டரம்மா, நீங்க இவ்வளவு சின்னப் பொண்ணா? குரலைக் கேட்டு வாங்க போங்கன்னு இவ்வளவு மரியாதை குடுத்துட்டேனே.

— பரவாயில்ல, குடுத்ததைத் திருப்பித் தர மாட்டேன். அம்மாவைப் பாருங்க, தெரியுறாங்களா?

— அந்த மூலையில உக்காந்திருக்கிற அம்மாவா? யாரு இவங்க?

— நல்லாயிருக்கு. உங்களைக் கட்டிக்கிட்டவதான்.

— இல்லையே. எங்க வீட்டுக்காரிக்கு இவ்வளவு முறைப்பு இருக்காதே. கிட்ட வந்தா சிரிச்ச முகமா இருப்பாளே.

— கிட்ட வந்தாத்தான் உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அப்ப மட்டும் சிரிப்பேன். அந்தாண்ட நின்னா முகத்துக்கு ஓய்வு.

— கேட்டுக்கங்க டாக்டரம்மா. இத்தனை வருஷக் குடித்தனத்தோட ரகசியம்.

— சரிங்க ஐயா, இது இன்னும் முடிவான லென்ஸ் இல்ல, அளவு பாத்துக்கப் போட்டது. கண்ணுல நல்லாப் படிஞ்சு உக்காரணும். ஒரு அரைமணி வெளிய காலாற நடந்துட்டு வாங்க, வந்ததும் பவரைத் திருத்திக்கலாம். தெருவைத் தாண்டுறப்ப மட்டும் நிதானம். தூரத்துல வர்ற வண்டியெல்லாம் பக்கத்துல வர்ற மாதிரி இருக்கும்.

— நானும் கூடப் போறேன்.

— நீ எதுக்கு? பாவம், முகத்துக்கு ஓய்வு குடு. நான் என் கண்ணோட போறேன்.

— ஏங்க, ஏங்க, இருங்க... போயிட்டாரே. படியில தடவாம இறங்குறாரு பாரு.

— உக்காருங்கம்மா. பயப்படாதீங்க.

— அம்மாடி, கதவைச் சாத்து. நல்லாச் சாத்து. ஒரு உதவி செய்யணும். அந்தக் கண்ணுல போட்டியே, அதோட வீரியத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடுத்துடு.

— எதுக்கு?

— என்னைப் பாக்கட்டும், சோத்தைப் பாக்கட்டும், பள்ளம் மேடு பாக்கட்டும். பலகை வரைக்கும் எட்டக் கூடாது. அங்க மட்டும் கொஞ்சம் புகை மாதிரி.

— லென்ஸுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாதும்மா. தெரிஞ்சா எல்லாம் தெரியும்.

— ஒரு கண்ணுக்காவது?

— அம்மா, நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். போன சனிக்கிழமை உங்க சர்க்கஸுக்கு நாங்க குடும்பத்தோட போயிருந்தோம். ரெண்டாவது காட்சி. அதுல கத்தி வீசுற வீரர்னு யாரும் வரலையே. ஒரு கோமாளி ஐட்டம்தான் வந்துது. கருப்பு உடுப்புல ஒருத்தர் கம்பீரமா வந்து வணங்குவாரு. எதிர்ல பலகையில துணிக்கடை பொம்மையை நிக்க வெச்சிருப்பாங்க, மூக்கு ஒடஞ்ச பொம்மை. அவரு வீசுற கத்தி ஒண்ணு கூட்டத்துக்குள்ள போகும், ஒண்ணு கூரைக்குப் போகும், ஒண்ணு டிரம்காரர்மேல விழும். பக்கத்துல ஒரு அம்மா நின்னுக்கிட்டு, அவரு வீசி முடிச்ச அதே நொடி, தன் கையில இருக்கிற கத்தியைப் பலகையில ணங்குன்னு சொருகிட்டு, ஐயோ பாத்து வீசுங்கன்னு கத்திட்டு, வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, பொம்மைக்கு விசிறி விட்டு... அம்மா. அது நீங்களா?

— விசிறி போன மாசம்தான் சேத்தேன். நல்லா இருந்துதா?

— பல் செட் விழுந்தது என் மாமியாரோடது.

— அட. அந்த அம்மாவா? நல்லா வாய்விட்டுச் சிரிச்சாங்க. அவங்களுக்காகத்தான் பொம்மைக்கு ரெண்டாவது தடவை தண்ணி குடுத்தேன்.

— ஐயோ, அதுலதான் விழுந்துது. வீட்டுக்கு வந்தும் நிக்கல. என் வீட்டுக்காரர் பல் இல்லாத அம்மாவைப் பாத்துச் சிரிக்க, அவங்க இவரைப் பாத்துச் சிரிக்க... இருங்க, இருங்க. அப்ப இவருக்கு?

— தெரியாது.

— பலகையில பொம்மை நிக்குதுன்னு?

— தெரியாது. நான்தான் நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. வீசுறதெல்லாம் என் காதோரம் குத்தி நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. ணங்கு ணங்குன்னு சத்தம் வருதே.

— எப்படிம்மா இது ஆரம்பிச்சுது?

— சளியில. ஒரு நாள் எனக்கு நெஞ்சுச் சளி புடிச்சுத் தொண்டை அடைச்சுக்கிச்சு. பேச வரல. லீவு போடலாம்னா முதலாளி, நீங்க நிக்கத்தானே வேணும், பாடவா போறீங்கன்னாரு. போய் நின்னேன். குரல் வரலேன்னா இவருக்குக் குறி இல்லேங்கறது அங்க நின்னப்புறம்தான் உறைச்சுது. காலைத் தட்டிப் பாத்தேன், பலகையை நகத்தால சொரண்டிப் பாத்தேன். பேண்ட் வாத்தியத்துல யாருக்குக் கேக்கும்? முதல் கத்தி என் கம்மலோட சேத்துப் பலகையில அடிச்சு நின்னுது. காது இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டேன். அன்னிக்கே முதலாளிகிட்ட போய், இனிமே நான் நிக்க மாட்டேன், ஆனா நிக்கலேன்னு இவருக்குத் தெரியவும் கூடாதுன்னு எழுதிக் காட்டினேன். அவருதான் எங்கயோ கழிச்சுப் போட்ட பொம்மையைக் கொண்டுவந்து என் உடுப்பை மாட்டினாரு. இவரு வீசுறதுக்குக் கூர் இல்லாத தகரக் கத்தி பண்ணச் சொன்னேன். எடை குறையுதேன்னு கேட்டாரு. வெளிநாட்டு எஃகு, அப்படித்தான் இருக்கும்னேன். நம்பிட்டாரு.

— கூட்டம் சிரிக்குமே, அது கேக்காதா?

— முதல் நாள் நாங்க சிரிக்க வைக்கணும்னு பண்ணலையே. மானத்தைக் காப்பாத்தத்தான் பண்ணினோம். ஒரு நிமிஷம் கூடாரமே கப்சிப். அப்புறம் ஒரு கொழந்தை சிரிச்சுது. அவ்வளவுதான், பத்திக்கிச்சு. முதலாளி அந்த நிமிஷமே இதைக் கடைசி ஐட்டமா மாத்திட்டாரு. இவரு வந்து கேட்டாரு, ஏன்டி சிரிக்கிறாங்கன்னு. பயம் முத்திப்போனா சிரிப்புதான் வரும், உங்க வீச்சு அந்த அளவுக்குப் போயிடுச்சுன்னேன். அதையும் நம்பிட்டாரு. அன்னிலேந்து மீசைக்கு எண்ணெய் தடவுறாரு.

— அப்ப அந்தக் கண்ணாடியெல்லாம்?

— யானை மிதிச்சது, யானை தற்செயலா மிதிக்கல. காலுக்கடியில வெச்சது நான். ஆத்துல போட்டதும் நான். மூணாவதைக் குரங்கு எடுத்துட்டுப் போயிடுச்சுன்னேன். எங்க சர்க்கஸ்ல குரங்கே கிடையாது அம்மாடி.

— அம்மா, சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன்...

— நீ சிரி. நான் அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். ஆனா கேட்டுக்கோ. கூடாரத்துக்குள்ள நடந்து வர்றப்ப இவரைப் பாத்திருக்கியே, நெஞ்சை நிமித்திக்கிட்டு. அது நடிப்பு இல்ல. நெசமாவே தான் ஒரு சூரன்னு நெனச்சுத்தான் வர்றாரு. அந்த நெனப்புலதான் சாப்பிடுறாரு, அந்த நெனப்புலதான் தூங்குறாரு. காய்ச்சல்ல நாலு நாள் வீசாம படுத்தப்ப பாக்கணும், தண்ணி ஊத்தாத செடி மாதிரி ஆயிட்டாரு. எல்லாரும் தன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு இவருக்குத் தெரிஞ்சுதுன்னு வெச்சுக்கோ, அந்த நிமிஷம் கத்தியைக் கீழ வெச்சுடுவாரு. அப்புறம் எனக்குக் கதை சொல்ல ஆள் இருக்காது.

— நான் குறைச்சுப் போட முடியாதும்மா. நாளைக்குத் தெருவுல ஒரு லாரி வந்தா?

— லாரிக்குச் சத்தம் இருக்குல்ல, ஒதுங்கிக்குவாரு.

— அது இல்லம்மா, என் வேலை கண்ணு தெரிய வைக்கிறது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா... என் மாமியார் வேற, பல்லைக் கட்டிக்கிட்டு வந்தாவது இன்னொரு தடவை பாக்கணும்னு நச்சரிக்கிறாங்க. அடக் கடவுளே. அம்மா, எந்திரிங்க. ஜன்னல்கிட்ட வாங்க.

— என்ன?

— எதிர்ச் சுவத்துல உங்க சர்க்கஸ் போஸ்டர். நேத்துதான் வரிசையா ஒட்டிட்டுப் போனாங்க.

— கண்ணாடியை ஒழிச்சேன், போஸ்டரை மறந்துட்டேன் பாரு. எங்க இருக்காரு? அதோ, டீக்கடை வாசல்ல. அப்படியே நேராப் போங்க, வலது பக்கம் திரும்பாதீங்க. திரும்பிட்டாரு.

— தாண்டிப் போயிடுவாரு.

— தாண்டல. நின்னுட்டாரு. மூக்கை ஒட்ட வெச்சுப் படிக்கிற ஆளு, எவ்வளவு தள்ளி நின்னு படிக்கிறாரு பாரு. உன் லென்ஸ் நல்லா வேலை செய்யுது அம்மாடி, நாசமாப் போக.

— என்ன போட்டிருக்கு அதுல?

— இவரு படம். மூக்கு நுனியில சிவப்பாத் தக்காளிப்பழம் மாதிரி வரைஞ்சு, பக்கத்துல பொம்மையை வரைஞ்சு, கத்தி மாமாவின் கொலைவெறிச் சிரிப்பு, வயிறு வலித்தால் நிர்வாகம் பொறுப்பல்லன்னு போட்டிருப்பாங்க. வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன் முதலாளிகிட்ட. அவருக்கென்ன, கண்ணு தெரியாத ஆளுக்குப் போஸ்டர் என்ன பண்ணும்னாரு. அடுத்த போஸ்டருக்குப் போறாரு. அதையும் படிக்கிறாரு. வர்றாரு. இந்தப் பக்கம்தான் வர்றாரு.

— நீங்க உக்காருங்க. சாதாரணமா இருங்க. எதுவும் கேக்காதீங்க.

— என் முகம் எப்படி இருக்கு?

— முறைப்பா இருக்கு.

— அப்ப சரி.

— வந்துட்டேன் டாக்டரம்மா. சத்தியமா சொல்றேன், ஊர் நான் நெனச்ச மாதிரி இல்ல.

— உக்காருங்க ஐயா. உறுத்தல் இருக்கா?

— கண்ணுல இல்ல. மனசுலதான். அந்த மூலை வீட்டு மாடியில ஒரு பெரியவர் எப்பவும் எனக்குக் கை காட்டிக்கிட்டு நிப்பாரு. இந்த ஊருக்கு வந்த நாள்லேந்து போறப்ப வர்றப்ப நானும் கும்பிடு போட்டு, சௌக்கியமான்னு விசாரிச்சு, ஒரு நாள் காட்சிக்கு வாங்கன்னுகூடக் கூப்பிட்டேன். இப்பப் பாத்தா அது கொடியில காயுற சட்டை.

— ஹா. சரி, தாடையை இதுல வைங்க, லென்ஸ் எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கறேன். மேல பாருங்க. கீழ. நல்லா உக்காந்திருக்கு.

— ஏங்க, வேற என்ன பாத்தீங்க?

— ஏன் இவ்வளவு மெதுவாக் கேக்குறே? போஸ்டர் பாத்தேன்.

— எந்தப் போஸ்டர்?

— நம்மளுதுதான். என் மூக்குல தக்காளி வெச்சிருக்கான்.

— அது... அச்சு எந்திரத்துல சிவப்பு மை கொட்டியிருக்கும்.

— எல்லாப் போஸ்டர்லயும் மூக்கு நுனி பாத்தா கொட்டும்? அந்த மை என்னைவிட நல்லாக் குறி பாக்குதே.

— ஏங்க, கோவமா இருக்கீங்களா?

— இருக்கேன்.

— நான் சொல்றதைக் கேளுங்க...

— பொம்மையை உன்னைவிட அழகா வரைஞ்சிருக்கான். மூக்கெல்லாம் எடுப்பா வெச்சு. பாக்குறவன் என்ன நெனப்பான்?

— பொம்மைன்னு... உங்களுக்கு எப்படி?

— பலகை எனக்கு நேரா இருக்கு. திடீர்னு ஒரு நாள் உன் குரல் இடது பக்கம் ஒரு ஆள் தூரம் தள்ளி வருது. பலகைக்குக் கால் முளைச்சுதா, இல்ல உன் வாய் தனியாக் கழண்டு நின்னுதா? சாத்தின கதவுக்கு வெளிய இருந்து எழுத்து மனப்பாடம் பண்றவனுக்கு இது தெரியாதா?

— முதல் நாளேவா?

— முதல் கத்தியிலயே. கையிலேந்து பட்டம் மாதிரி பறந்து போச்சு. என்ன வெளிநாடு அது, தகரத்துல எஃகு பண்ற நாடு? யானை காலைக் குறை சொன்னே, சரி. ஆத்தைச் சொன்னே, சரி. குரங்குன்னியே, நம்ம சர்க்கஸ்ல ஏதுடி குரங்கு? யோசிச்சுப் பாத்து, நான்தான் அதுன்னு விட்டுட்டேன்.

— ஐயா, அப்ப அந்த டிரம்காரர்மேல விழுறது?

— சத்தம் போடுற பொருளைக் குறி வைக்கக் கண்ணு எதுக்கு டாக்டரம்மா? அவன் தாளம் தப்பினா வீசுவேன். இப்ப எவ்வளவோ தேவலாம், நல்லா வாசிக்கிறான்.

— நெசமாத்தான் சொல்றீங்களா? சத்தியமா?

— சத்தியம் பண்ணலையே. கவனிக்கலையா?

— இவ்வளவு வருஷமா ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா நீ நிறுத்திடுவே. உனக்குச் சளி புடிச்ச அன்னிக்கு வீசினேன் பாரு, அந்தக் கத்தி எங்க போய் நின்னுதுன்னு எனக்குத் தெரியல. நீயும் சொல்லல. ஒரு கம்மல் போட்டுக்கறதை நிறுத்திட்டே, அதுல தெரிஞ்சுக்கிட்டேன். உனக்குத் தொண்டை தேறினப்புறம், இனிமே கத்தியைத் தொடக் கூடாதுன்னுதான் கூடாரத்துக்குள்ள வந்தேன். பாத்தா, உன் குரல் தள்ளி வருது. அப்பாடான்னு இருந்துது. அன்னிக்கு வீசின மாதிரி ஆனந்தமா என் வாழ்க்கையில நான் வீசினதே இல்ல.

— அம்மா, இந்தாங்க டிஷ்யூ. உங்களுக்குத்தான், அவருக்கு இல்ல. அவரு கண்ணைத் தேய்க்கக் கூடாது.

— எனக்கு ஒண்ணும் இல்ல. தூசி. லென்ஸ் போட்டவருக்கு வரவேண்டியது எனக்கு வருது.

— சரிங்க, வெளிய ஆள் உக்காந்திருக்காங்க. பவரை முடிவு பண்ணிடலாம். இந்தக் கண்ணாடியை முன்னாடி புடிக்கறேன், எதுல நல்லாத் தெரியுதுன்னு சொல்லுங்க. இது ஒண்ணு. இது ரெண்டு. அம்மா கொஞ்சம் குறைச்சலாக் கேட்டாங்க. ஒண்ணா, ரெண்டா?

— பலகைக்கு இடது பக்கம், ஒரு ஆள் தூரம் தள்ளி. அங்க நிக்கிறவ முகம் எதுல தெளிவாத் தெரியும்?

— ரெண்டுல.

— அப்ப ரெண்டு.

— எல்லாந்தான் தெரிஞ்சிருக்கே, அப்புறம் இத்தனை வயசுக்கு மேல எதுக்குங்க உங்களுக்கு லென்ஸ்?

— பல் செட் பயத்துல விழாதுடி, சிரிச்சாத்தான் விழும். ஊரே பாத்து உருளுது, தினம் ரெண்டு காட்சி அங்கயே நிக்கிறேன், நான் ஒருத்தன்தான் இன்னும் உன் ஆட்டத்தைப் பாக்கல.